வெளிச்சம் வராத தட்டு

தனலெட்சுமி எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம்மவர் ஒருவர் ஆய்வகத்தில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டாலே, புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது போல எழுதிவிடுகிறோம். பொன்னாடை வாங்க ஆள் அனுப்பிவிடுகிறோம். இங்கே அதற்கு வேலை இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் கோலாலம்பூருக்குப் போய்வந்தார். ஆய்வகத்தில் ஒரு தவறு செய்தார். அதைத் தானே தேடிப் பிடித்தார். ஒரு மனிதரைப் பற்றி எழுத இது போதுமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். போதும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கிள்ளானில் மேரு பக்கம் இருக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவருடைய இளமை கழிந்தது. அங்கே பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும். ரப்பர் பாலில் முங்கி எழும். அடுப்புக்குள் புகுந்து, வெந்நீர்த் தொட்டியில் கழுவப்பட்டு வெளியே வரும்போது ஒவ்வொரு கையிலும் ஒரு கையுறை மாட்டியிருக்கும். லெட்சுமியின் வேலை அதற்குப் பிறகு. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒரு சொட்டு துளிர்க்கிறதா என்று பார்ப்பது. துளிர்த்தால் ரிஜெக்ட்.

ரிஜெக்ட் கையுறையை வைத்துச் செய்யாத வேலை அந்த வட்டாரத்து வீடுகளில் இல்லை. ஊறுகாய்ப் புட்டியின் வாயைக் கட்டுவார்கள். குழம்புப் பொட்டலத்தைச் சுற்றுவார்கள். ஒழுகும் குழாயின் மரைக்குள் ஒரு துண்டை வெட்டி வைப்பார்கள். பிள்ளைகள் அதை ஊதி ஐந்து விரல் பலூன் செய்வார்கள். எது ஒழுகினாலும் கை முதலில் தேடுவது ரிஜெக்ட் கையுறையைத்தான்.

வேலை பார்த்துக்கொண்டே லெட்சுமி பகுதிநேரமாக உயிரியல் பட்டம் முடித்தார். தொற்றுக் காலத்தில் உலகமே கையுறைக்கு அலைந்தபோது தொழிற்சாலை நிற்காமல் ஓடியது. தொற்று அடங்கியதும் ஆர்டர் விழுந்தது, ஆட்களை நிறுத்தினார்கள். அதில் லெட்சுமியும் ஒருவர். இன்னொரு தொழிற்சாலைக்குப் போவதுதான் எல்லாரும் செய்தது. அவர் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் முதுகலை ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். ஏன் என்று கேட்டால் அவரிடம் அழகான பதில் இல்லை. "படிச்சது வீணாப் போவுதேன்னு ஒரு கடுப்பு லா, வேற என்ன," என்றார்.

அந்த ஆய்வகத்தை நடத்துபவர் டாக்டர் ரோசலின். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். ஏறக்குறைய லெட்சுமியின் வயதுதான். அதிகம் பேச மாட்டார். யாராவது அதிகம் பேசினாலும் காத்திருக்க மாட்டார். அவருடைய ஆய்வு, துத்தநாக விரல் புரதங்கள் என்ற வகையைப் பற்றியது.

பெயர் வேடிக்கையாக இருக்கலாம், விஷயம் எளிது. புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. இந்த வகைப் புரதத்தில் சங்கிலியின் ஒரு பகுதி மடிந்து, நான்கு இடங்களிலிருந்து ஒரே ஒரு துத்தநாக அணுவைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அணுவின் பலத்தில் மடிப்பு ஒரு விரலைப் போல் விறைத்து நிற்கிறது. விரல் டிஎன்ஏயின் பள்ளத்துக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் எழுத்துகளைத் தடவிப் பார்த்து, தனக்குரிய இடம் வந்ததும் பற்றிக்கொள்கிறது. துத்தநாகத்தை எடுத்துவிட்டால் விரல் தொய்ந்துவிடும். பிடி நழுவிவிடும்.

பற்றிக்கொண்டு என்ன செய்கிறது? நம் உடம்பின் ஓர் உயிரணு தன் இஷ்டத்துக்கு வளர்வதில்லை. வளரலாம் என்று வெளியிலிருந்து ஒரு செய்தி வர வேண்டும். செய்தி உயிரணுவின் மேல் தோலில் வந்து தட்டும். உள்ளே ஒரு புரதம் இன்னொன்றைத் தொட, அது மற்றொன்றைத் தொட, செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கும் விரல் புரதங்கள் வளர்ச்சிக்குரிய மரபணுக்களில் சிலவற்றைத் திறக்கும், சிலவற்றை மூடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் காயம் ஆறுகிறது, பிள்ளை வளர்கிறது. செய்தி வராதபோதும் மரபணு திறந்தே கிடந்தால் அது கட்டியாகிறது. டாக்டர் ரோசலின் எடுத்துக்கொண்ட புரதம் வாய்ப்புற்று உயிரணுக்களில் அளவுக்கு மீறி இருந்தது. வெற்றிலை போடும் பழக்கத்தால் நம்மிடையே கூடுதலாகக் காணப்படும் நோய் அது.

லெட்சுமிக்குக் கிடைத்தது ஒரு சிறிய கேள்வி. துத்தநாகத்தை அகற்றினால் இந்தப் புரதம் வேலையை நிறுத்திவிடுமா? அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டோடு, மின்மினிப் பூச்சியின் ஒளிப்புரதத்துக்குரிய மரபணுவை ஒட்டிவிடுவார்கள். கோலா சிலாங்கூரில் படகேறிப் போய் மரத்தில் பார்க்கிறோமே, அதே சங்கதிதான். விரல் பற்றிக்கொண்டால் உயிரணுவில் வெளிச்சம் வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு வெளிச்சம்; கருவிதான் அளந்து சொல்லும். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், துத்தநாகம் நீக்கிய திரவத்தில் உயிரணுக்களை வளர்த்தால் தட்டு இருட்டாக இருக்க வேண்டும். எல்லாரும் எதிர்பார்த்த விடை அதுதான்.

லெட்சுமியின் தட்டுகளில் வெளிச்சம் வந்தது.

மறுபடி செய்தார், மறுபடியும் வந்தது. டாக்டர் ரோசலின் சந்தேகப்பட்டு, பிசின் மணிகளோடு சேர்த்துக் குலுக்கித் துத்தநாகம் நீக்கிய திரவத்தை, வடிகட்டிய கையோடு அளந்து பார்க்க அனுப்பினார். துத்தநாகம் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் இது துத்தநாகம் இல்லாமலே நிற்கும் துத்தநாக விரல். உலகத்தில் இதுவரை யாரும் சொல்லாதது.

இதைப் பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டுக் குழு முன்னால் வைத்து ஒப்புதல் வாங்கிவிட்டால், லெட்சுமியின் முதுகலை ஆய்வு முனைவர் பட்ட ஆய்வாக உயரும், உதவித்தொகையும் கிடைக்கும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் அந்தப் பருவத்தோடு ஆய்வகத்தில் அவருக்கு இடம் இல்லை. அதே நேரத்தில் மேருவில் ஆர்டர்கள் திரும்ப வரத் தொடங்கியிருந்தன. பழைய தொழிற்சாலை, தரக்கட்டுப்பாட்டில் சூப்பர்வைசராக வரும்படி கூப்பிட்டது. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றார்கள். ஆக, தட்டில் வெளிச்சம் இருந்தால் ஆய்வகம், இல்லாவிட்டால் மேரு என்று ஆகிப்போனது.

லெட்சுமிக்கு ஆய்வகத்தில் வேறு ஒரு காரணத்தாலும் நல்ல பெயர் இருந்தது. திரவப் புட்டிகளின் மூடிகள் நீராவியில் அவிந்து அவிந்து விரிசல் விட்டிருந்தன. குளிர்பெட்டியின் அடுக்குகளுக்கு இடையே உயரம் போதாது. புட்டியைப் படுக்க வைத்தால்தான் உள்ளே போகும். படுக்க வைத்தால் ஒழுகும். புது மூடிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள், வரும் பாடில்லை. லெட்சுமி ஒரு நாள் வீட்டிலிருந்து ஒரு பை ரிஜெக்ட் கையுறை கொண்டுவந்தார். வட்டமாக வெட்டினார், கழுவினார், நீராவியில் அவித்தார், ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஒன்றை வைத்து இறுக்கினார். அன்றிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுக்கை அடைக்கக் குழாயில் வைக்கும் ரப்பர் வளையத்தை வாசர் என்போமே, அதை வைத்து 'லெட்சு வாசர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அதைப் பயன்படுத்தாதவள் செரீனா ஒருத்திதான். செரீனா முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருந்த மாணவி, கிள்ளான் மெத்தடிஸ்ட் குடும்பம். ரப்பர் பட்டால் அவளுக்குக் கை வீங்கிவிடும். தனக்கென்று ஒழுகாத மூடியுள்ள புட்டிகள் சிலவற்றைத் தனியாக வைத்திருந்தாள். கைக்கும், கடைகளில் பலகாரம் எடுத்துக் கொடுக்க மாட்டிக்கொள்வார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறைதான்.

"என்ன மா, வடை எடுத்துக் குடுக்கப் போறியா?" என்பார் லெட்சுமி.

"ஆமா அக்கா. உங்களுக்கு ரெண்டு பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ணவா?"

குழு கூடுவதற்கு முன்னால் வேறு ஒருவர் கையால் அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் ரோசலின் சொன்னார். வேலை செரீனாவிடம் வந்தது. அவள் செய்தாள். இருட்டு.

"உன் செல்லுக்கும் உன்ன மாதிரி அலர்ஜி போல," என்று லெட்சுமி சிரித்தார்.

செரீனா சிரிக்கவில்லை. "நான் சரியாத்தான் செஞ்சேன் அக்கா."

"நான் தப்புன்னு சொன்னேனா? செல்லுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னேன்."

டாக்டர் ரோசலினும் அப்படித்தான் நினைத்தார். "புது செல் எடுத்துச் செய் செரீனா. கலக்கும்போது பார்த்துச் செய்." புது உயிரணுக்களும் இருட்டாகவே இருந்தன. குழுவுக்கு நாள் நெருங்கிவிட்டதால், செரீனாவின் முடிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. வெளிச்சத்தை நம்புவது சுலபம். ஏதோ ஒன்று வந்தால், அது வருவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஒன்றும் வராவிட்டால், செய்தவரின் கைதான் காரணம் என்று நினைக்கிறோம். ஆய்வகத்துக்கு வெளியிலும் நாம் மனிதர்களை அப்படித்தான் எடைபோடுகிறோம். 'இல்லை' என்று சொல்பவர், தான் சரியாகத்தான் பார்த்தேன் என்பதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

குழு கூடுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். லெட்சுமி தன் தம்பி குகனின் குடும்பத்தோடுதான் மேருவில் இருக்கிறார். குகன் அதே தொழிற்சாலையில், ரப்பர் பாலில் மருந்துப் பொடிகளைக் கலக்கும் பிரிவில் வேலை செய்கிறான். சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தான்.

"இந்த வாரம் ஒரே காச்சாவ் அக்கா, பெரிய தலைவலி. கம்பெனியில இருந்து வெளிய போற தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க. சிங்க் கூட இருக்குன்னு வந்திருச்சு. மேனேஜர் என் தலையில ஏறி உக்காந்துட்டாரு."

"நீ அதிகமா கொட்டிட்டியா?"

"நான் எங்க கொட்டினேன்? எப்பவும் போடுறதுதான். சிங்க் போடாம பாலு இறுகுமா? ஆனா போட்டதெல்லாம் ரப்பர்லயே தங்குதா என்ன? கழுவுற தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டேதான் இருக்கும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். அத்தனை வருடம் அங்கே வேலை பார்த்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா? லெட்சுமியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"என்னாச்சு, மீன் முள்ளா?"

"இல்ல. நான் ஒரு முட்டாள்டா."

"அது பழைய நியூஸ். சாப்பிடு."

ஒரு விஷயத்தை நாம் அறிந்திருக்கிறோம் என்றால் என்ன பொருள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கேட்டால் பதில் சொல்ல முடிவது அறிவு என்றால், கையுறையில் துத்தநாகம் இருப்பதை லெட்சுமி எந்த நாளிலும் அறிந்திருந்தார். ஆனால் அந்த அறிவு மேருவில், சிங்க் என்ற பெயரில், தொட்டிகளின் ஓரத்தில் மூட்டையாகக் கிடந்தது. கோலாலம்பூரில் துத்தநாகம் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி நான்கு கோடுகள். இரண்டும் ஒரே பொருளா என்று அவரிடம் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார். யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. தினமும் ரயிலில் இரண்டுக்கும் இடையே போய்வந்தவர், ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவர் செரீனாவிடம் போனார்.

"உன் சிங்க் இல்லாத திரவத்துல பாதி குடு."

"எதுக்கு அக்கா?"

"கேக்காத. குடு."

அதை இரண்டு புட்டிகளில் ஊற்றினார். இரண்டும் செரீனாவின் நல்ல மூடிப் புட்டிகள். ஒன்றின் மூடிக்குள் மட்டும் தன் வாசரை வைத்தார். இரண்டையும் குளிர்பெட்டியில் படுக்க வைத்தார். சில நாள் கழித்து, ஒரே நாளில் பிரித்த உயிரணுக்களை இரண்டு தட்டுகளில் பரப்பி, இரண்டு திரவத்தையும் விட்டார்.

அந்த நாள்களில் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குழுவுக்குக் காட்ட வேண்டிய முடிவுப் படங்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டன. தான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னார். அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உண்மை தனக்கு எதிராக இருந்தாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன் என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கருவி எண்களைக் காட்டியது. வாசர் இல்லாத தட்டு இருட்டு. வாசர் வைத்த தட்டில் வெளிச்சம்.

விரல் ஒருபோதும் துத்தநாகம் இல்லாமல் நிற்கவில்லை. புட்டியைப் படுக்க வைத்ததும் திரவம் வாசரில் போய் மோதிக்கொண்டே இருந்திருக்கிறது. கழுவு தொட்டியில் இறங்கியது போல அங்கேயும் துத்தநாகம் இறங்கியிருக்கிறது. வடிகட்டிய கையோடு அளந்தபோது திரவத்தில் துத்தநாகம் இல்லாமல்தான் இருந்தது. புட்டிக்குள் போன பிறகு யாரும் அளக்கவில்லை.

அன்று சாயங்காலம் லெட்சுமி செரீனாவைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். இருவருக்கும் அங்கிருந்து நடந்துபோய்க் கிள்ளான் ரயிலைப் பிடிக்க வசதி. தே தாரேக் வந்தது. லெட்சுமி எல்லாவற்றையும் சொன்னார்.

செரீனா குவளையைத் தொடவில்லை. "அப்ப என் தட்டுதான் சரி."

"ஆமா."

"நீங்க சிரிச்சீங்க அக்கா."

"சிரிச்சேன்."

"டாக்டர் என் கைய சந்தேகப்பட்டாங்க. அது கூடப் பரவால்ல. நானே சந்தேகப்பட்டேன். வீட்டுல போயி ஒவ்வொரு ஸ்டெப்பா நெனச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். சாப்பாடு கூட எறங்கல."

லெட்சுமி மன்னிப்புக் கேட்டார். செரீனா தேநீரில் பாதியைக் குடித்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"டாக்டர்கிட்ட சொல்லணும்."

"சொன்னா உங்க அப்கிரேட் போயிரும்."

"தெரியும்."

"வேற யாருக்கும் தெரியாது. நானும் சொல்லமாட்டேன். மொதல்ல சேர்ந்துருங்க, அப்புறம் மெதுவா சரி பண்ணிக்கலாம்."

கோபமாக இருந்தவளே இதைச் சொன்னாள் என்பதை நான் குறிப்பிட வேண்டும். இரக்கத்தில்தான் சொன்னாள். நம்மைத் தவறான பக்கம் இழுப்பது எப்போதும் பேராசையாக இருப்பதில்லை.

"உன் தட்டு இருட்டா இருக்கே மா," என்றார் லெட்சுமி. "நாளைக்கி இன்னொருத்தர் செய்வாங்க. அவங்களுக்கும் இருட்டாத்தான் வரும். அப்பவும் அவங்க கைதான் சரியில்லன்னு சொல்லிக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

செரீனா குவளையைத் தூக்கி அடியைப் பார்த்தாள்.

"என்ன பாக்குற?"

"இதுலயும் வாசர் போட்டுட்டீங்களான்னு பாக்குறேன்."

மறுநாள் காலையில் லெட்சுமி சொன்னதை டாக்டர் ரோசலின் நின்றபடியே கேட்டுக்கொண்டார். முடிந்ததும், "எத்தனை புட்டி?" என்றார்.

"செரீனாவோடத தவிர எல்லாமே டாக்டர். மத்தவங்க சாதாரண திரவம்தான் வைக்கிறாங்க, அதுல எப்படியும் சிங்க் இருக்கும். ஆனா அவங்ககிட்டயும் சொல்லிடணும்."

"எல்லா வாசரையும் எடுத்திருங்க. எறிஞ்சிராதீங்க, எனக்கு வேணும்." அப்புறம்தான் உட்கார்ந்தார். "குழுவைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேக்கட்டுமா?"

"தள்ளிப்போட்டா மாசக் கடைசி தாண்டிரும். மேருவுல பதில் கேக்குறாங்க."

"அப்ப?"

"இருக்கறத வெச்சே சொல்றேன். மூணு தட்டையும் காட்டுறேன்."

டாக்டர் ரோசலின் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "வடிச்ச உடனே அளந்தா போதும்னு சொன்னது நான். செல்லுக்கு ஊத்தப்போற புட்டியில இருந்து எடுத்து அளந்திருக்கணும். அத என் பேரைச் சொல்லியே சொல்லுங்க." பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் உண்மையைச் சொன்னதற்காகப் பாராட்டினால், அவர் பொய் சொல்லக்கூடும் என்று எதிர்பார்த்திருந்தோம் என்று ஆகிவிடும். அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். போகும்போது செரீனாவின் மேசை முன்னால் நின்று, "உன் ரிசல்ட்டுதான் சரி. நான் கேட்டிருக்கணும்," என்றார்.

குழு கூடியது. லெட்சுமி ஆங்கிலத்தில் பேசும்போது கிள்ளான் வாடை வரும். அன்று பதற்றத்தில் இன்னும் கூடியது. வெளிச்சம் வந்த தட்டைக் காட்டினார். வெளிச்சம் வராத செரீனாவின் தட்டைக் காட்டினார். செரீனாவின் திரவத்தில் வாசர் வைத்ததும் வெளிச்சம் வந்த தட்டைக் காட்டினார். ஒரு வாசரையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார். குழுவில் ஒருவர் அதைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். ஒருவர் சிரித்தார். முதலில் அனுப்பிய படங்களின் தலைப்பே பொய்யாகிவிட்டதே என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றார் லெட்சுமி.

அதுவரை பேசாமல் இருந்த ஒரு மலாய்ப் பேராசிரியை கேட்டார்: "இந்தத் துண்டு ரப்பரிலிருந்து எவ்வளவு துத்தநாகம் இறங்கியிருக்கும்?"

"தெரியாது," என்றார் லெட்சுமி. "இன்னும் அளக்கவில்லை."

"மிக மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், இல்லையா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"அந்தக் கொஞ்சமே இந்தப் புரதத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த மற்ற விரல் புரதங்களுக்கு அது போதாது என்று தோன்றுகிறது. உடம்பில் துத்தநாகம் குறையும்போது மற்றதெல்லாம் தொய்ந்து, இது மட்டும் நின்றுகொண்டு வளர்ச்சி மரபணுக்களைத் திறந்தே வைத்திருக்கிறதா? நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுவாக இருக்கலாம்."

லெட்சுமி அதை யோசித்திருக்கவில்லை. யோசித்திருந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. "அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை, டாக்டர். அளந்து பார்க்கிறேன்," என்றார்.

குழுவின் முடிவு அன்றே வந்தது. உயர்வு இல்லை. ஆனால் ஆய்வை இன்னொரு பருவம் நீட்டிக்கலாம். அளவுகளோடு திரும்பி வந்தால் மறுபடி பார்க்கலாம். உதவித்தொகை பற்றி ஒரு சொல் இல்லை. டாக்டர் ரோசலின் தம்முடைய ஆய்வு நிதியிலிருந்து அவரை உதவியாளராக வைத்துக்கொள்ள முடியும் என்றார். சூப்பர்வைசர் சம்பளத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பேசவே முடியாது. பருவம் முடிந்த பிறகு என்ன என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

மாதக் கடைசிக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது. லெட்சுமியும் செரீனாவும் துத்தநாகத்தைத் துளித் துளியாகக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு வரிசையைத் தயாரித்தார்கள். ஒன்றுமே இல்லாததில் தொடங்கி, சாதாரணத் திரவம் வரைக்கும். பக்கத்தில் அதே வரிசையை வேறொரு விரல் புரதத்துக்கும் வைத்தார்கள். எந்தக் குழியில் எவ்வளவு என்பது அளந்து படிப்பவருக்குத் தெரியாதபடி மாற்றி மாற்றி வைத்தது செரீனாவின் யோசனை. "உங்கள நம்பாம இல்ல அக்கா. யாரையும் நம்பாம," என்றாள்.

முதல் வரிசையைப் படித்தார்கள். மற்றப் புரதம் வரிசையில் வெகுதூரம் வரை இருட்டாகவே இருந்து, துத்தநாகம் போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் மெல்லத் தலைகாட்டியது. இவர்களுடைய புரதம் அதற்கு நிறையப் படிகள் முன்னாலேயே விழித்துக்கொண்டது. அளவு அவ்வளவு சிறியது. லெட்சுமி கருவியைச் சரிபார்த்து மறுபடி படித்தார். செரீனா, இருட்டான குழிகள் உண்மையிலேயே இருட்டுதானா என்று முதலில் பார்த்தாள். இருட்டுதான். அடுத்த நாள் அவளே தனியாக எல்லாவற்றையும் புதிதாகக் கலந்து செய்தாள். அதே படியில் வெளிச்சம் வந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல இன்னும் நாளாகும். தட்டில் நடப்பது உடம்பில் நடக்க வேண்டும் என்பதில்லை. வாய்ப்புற்றுக்கு இதனால் ஏதாவது வருமா என்று கேட்டபோது, டாக்டர் ரோசலின் தோளைக் குலுக்கினார். நானும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. ஆனால் முன்பு ஒரு பொய்யான விடை இருந்த இடத்தில் இப்போது ஓர் உண்மையான கேள்வி இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தும் அது கலையவில்லை. இதைச் சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாதத்தின் கடைசி வேலை நாளில் குகன் போன் செய்தான்.

"அக்கா, மேனேஜர் பக்கத்துல நிக்கிறாரு. வரியா வரலியான்னு கேக்குறாரு."

"வரலன்னு சொல்லு."

"நல்லா யோசிச்சிட்டியா? தனி மேசை, ஏர்கோன் ரூம் எல்லாம் போட்டு வெச்சிருக்காங்க லா."

"யோசிச்சிட்டேன்டா."

"அடுத்த செம்ல அவங்க வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம். அப்ப வேற வேல தேடிக்கிறேன். இப்ப இது நடுவுல நிக்குது, விட்டுட்டு வர முடியாது."

"சரி," என்றான் குகன். "அவருகிட்ட என்னன்னு சொல்ல?"

"கூப்பிட்டதுக்கு நன்றின்னு சொல்லு. மரியாதையா சொல்லு, உன் ஸ்டைல்ல எதையாச்சும் சொல்லி வெச்சிராத."

போனை வைத்துவிட்டு அவர் அடுத்த தட்டை எடுக்கப் போனார்.